பழைய காரும் தானியங்கிக் கியர்ப்பெட்டியும்: வாங்குமுன்னும் வாங்கியபின்னும்

ஒஸ்லோவில் வாழும் எம்மவர் குடும்பங்களுக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருளாக இருந்த காலம் எப்போதோ கடந்துவிட்டது. அதிகாலையில் சுத்திகரிப்பு வேலைக்குச் செல்பவருக்கும், முதியோர் இல்லத்தில் இரவுக் கடமை முடித்துத் திரும்பும் பெண்ணுக்கும், வாரவிறுதியில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் ஏற்றியிறக்கும் பெற்றோருக்கும் அது கைகால்களில் ஒன்றாகிவிட்டது. 2024ஆம் ஆண்டில் நோர்வேயில் புதிதாகப் பதிவுசெய்யப்பட்ட கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். வசதி படைத்தோர் கைவிட்டுச்சென்ற பெற்றோல், டீசல் கார்களே புதிதாகக் குடும்பம் தொடங்கும் எமது இளையோரின் வாசலுக்கு வந்து சேருகின்றன. அவற்றிற் பல தானியங்கிக் கியர் கொண்டவை.

பழைய காரொன்றில் பிறேக் தேய்ந்தால் மாற்றலாம். பற்றறி இறந்தால் வேறு வாங்கலாம். கியர்ப்பெட்டி முறிந்தாலோ, திருத்தும் செலவு பல வேளைகளிற் காரின் விலையையே விழுங்கிவிடும். எனக்குத் தெரிந்த குடும்பமொன்று, இரண்டு ஆண்டுகள் சேமித்த பணத்தைக் கொடுத்து வாங்கிய கார் ஏழாவது வாரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது. இயந்திரம் இயங்கியது, கார் அசையவில்லை. முதல் வாரத்திலேயே "கியர் விழும்போது ஒரு தட்டுத் தட்டுகிறது" என்று மனைவி சொன்னாராம். "பழைய கார் அப்படித்தான்" என்று கணவர் பதில் சொன்னாராம். அந்தத் தட்டு என்ன சொல்லியது என்பதே இக்கட்டுரையின் விடயம். எந்திரவியல் படித்தவர் எழுத வேண்டியதைக் கலைப்பட்டதாரி ஏன் எழுதுகிறார் எனச் சிலர் கேட்கக்கூடும். நோயாளி மருத்துவராக வேண்டியதில்லை. எங்கே, எப்போது வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தாற் போதும். வேலைத்தலத்துக்குப் போய் "கியர் சரியில்லை" என்று மட்டும் சொல்பவருக்கும், "காலையில் நன்றாக இருக்கிறது, அரைமணி நேரம் ஓடியபின் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வழுக்குகிறது" என்று சொல்பவருக்கும் வரும் கட்டணச்சீட்டுகள் ஒன்றாக இருப்பதில்லை.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கைக்கியர் காரில் இயந்திரத்தையும் கியர்ப்பெட்டியையும் பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும் காலால் மிதிக்கும் கிளச் உண்டு. தானியங்கிக் காரில் அந்த வேலையை எண்ணெய் செய்கிறது. எதிரெதிரே வைக்கப்பட்ட இரண்டு மின்விசிறிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இயக்கினால் அதன் காற்றில் மற்றது தானாகச் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்றால் அதுவே ரோர்க் கொன்வேர்ட்டர். ஜேர்மனியரான ஹேர்மன் ஃபொட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற கருத்து இது. 1939இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தனது ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்காக அறிமுகப்படுத்திய ஹைட்ராமற்றிக் பெட்டியே பெருமளவில் உற்பத்தியான முதலாவது முழுத் தானியங்கிக் கியர்.

அதன் பின்னால் ஞாயிற்றைச் சுற்றும் கோள்களைப்போல நடுவிலொரு பற்சில்லும் அதனைச் சுற்றிச் சில சிறு பற்சில்லுகளும் கொண்ட தொகுதிகள் உள்ளன. எதைப் பிடித்து நிறுத்துவது, எதைச் சுழல விடுவது என்பதைப் பொறுத்து கியர் மாறும். பிடிப்பவை உராய்வுத் தட்டுகள். அவற்றை அழுத்துவது எண்ணெயின் அமுக்கம். அந்த அமுக்கத்தை வேண்டிய வழியில் அனுப்புவது வால்வுத் தொகுதி. அந்த வால்வுகளுக்குக் கட்டளையிடுவது ஒரு சிறு கணினி. ஆக, எண்ணெய் இங்கே மசகு மட்டுமன்று. அது விசையைக் கடத்துகிறது, தட்டுகளை அழுத்துகிறது, சூட்டையும் வெளியேற்றுகிறது. இந்தப் பெட்டியின் நோய்களிற் பெரும்பாலானவை எண்ணெயிலே தொடங்குவதற்கு இதுவே காரணம்.

விற்பவர் வீட்டு வாசலில்

கார் பார்க்கச் செல்லுமுன் தொலைபேசியில் ஒரு வேண்டுகோள் விடுங்கள்: நான் வரும்வரை இயந்திரத்தை இயக்க வேண்டாம். சென்றதும் முன்மூடியில் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வெளிப்படும் ஏதோவொன்றை மறைக்கும் எண்ணம் விற்பவருக்கு இருக்கக்கூடும். எல்லோரும் அப்படியென்று சொல்வதற்கில்லை. ஆயினும் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வருவதில் நட்டமில்லை.

இயந்திரத்தை இயக்கி, பிறேக்கை மிதித்தபடி, 'பி' இலிருந்து 'ஆர்' க்கு மாற்றுங்கள். ஓரிரு விநாடிகளுக்குள் கார் பின்னோக்கி இழுக்க முனைவதை உணர வேண்டும். மூன்று, நான்கு என்று எண்ணவேண்டியிருந்தால் எண்ணெய் அமுக்கம் குறைவு. அதேபோன்று 'என்' க்கும் 'டி' க்கும் மாற்றிப் பாருங்கள். மெல்லிய அசைவு இயல்பு. 'டொம்' என்ற அடி இயல்பன்று.

அடுத்து எண்ணெய். பெரும்பாலான பழைய கார்களில் இயந்திர எண்ணெய்க் குச்சியைத் தவிர கியர்ப்பெட்டிக்கும் ஒரு குச்சி உண்டு. வழமையாக, கார் நன்கு சூடேறியபின், சமதரையில், இயந்திரம் இயங்கிக்கொண்டிருக்க, கியர் 'பி' இல் இருக்கும்போதே இதனை அளக்க வேண்டும். ஹொண்டா கார்களில் இயந்திரத்தை நிறுத்திய உடனே அளப்பார்கள். கைநூலைப் பார்க்காமல் அளப்பது வீண். குச்சியை வெள்ளைத்தாளில் ஒற்றிப் பாருங்கள். தெளிந்த சிவப்பு நல்லது. மண்ணிறம், வயதாகிவிட்டதென்பதன் அடையாளம். கறுப்பும் கருகிய நாற்றமும் இருந்தால் உராய்வுத் தட்டுகள் எரிந்துள்ளன; பேரம் பேசாமல் வீடு திரும்பலாம். பாலிற் செம்பரத்தம்பூச் சாறு கலந்ததுபோல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் றேடியேற்றர் நீர் உள்ளே புகுந்துள்ளது. பல கார்களிற் கியர் எண்ணெய் றேடியேற்றரினுள்ளே உள்ள குழாயிலேயே குளிர்விக்கப்படுகிறது. அந்தக் குழாய் அரித்தால் இரண்டும் கலக்கும். நீரும் கிளைக்கோலும் உராய்வுத் தட்டுகளின் பசையையே கரைத்துவிடும். 1996 முதல் மேர்சிடிஸ் பென்ஸ் பயன்படுத்திய ஐந்து கியர்ப் பெட்டியில் இந்நோய் பெயர்பெற்றது. அந்தப் பெட்டியில் குச்சி இருக்காது. குழாயின் வாயில் முத்திரையிட்ட மூடி மட்டுமே இருக்கும். அங்கே அளவு பார்க்க வேலைத்தலத்தின் உதவி தேவை.

பின்னர் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிட ஓட்டம் எதையும் காட்டாது. குறைந்தது அரைமணி நேரம் வேண்டும். எண்ணெய் சூடாகி நீர்த்தபின்னரே தேய்ந்த வால்வுகள் தம் குணத்தைக் காட்டும். றிங் 3 வீதியின் நெரிசலில் நின்று நின்று செல்லுங்கள். பின்னர் கிரெஃப்சன்கொல்லன் அல்லது ஹொல்மன்கொல்லன் ஏற்றத்தில் ஏறுங்கள். பின்னர் ஈ 6 நெடுஞ்சாலையிற் சீரான வேகத்தில் ஓடுங்கள். வானொலியை நிறுத்திவிட்டுச் சுழற்சிமானியில் ஒரு கண் வையுங்கள். கியர் மாறும் கணத்தில் முள் மேலே துள்ளி, கார் வேகமெடுக்காமல் இயந்திரம் மட்டும் கத்தினால் அது வழுக்கல். அறுபது முதல் எண்பது கிலோமீற்றர் வேகத்தில், இலேசாக மிதித்துச் செல்லும்போது, வீதியோர வரிமேடுகளின்மேல் ஓடுவதுபோன்ற நடுக்கம் தோன்றி, அழுத்தி மிதித்ததும் மறைந்தால், கொன்வேர்ட்டரின் உள்ளே உள்ள பூட்டுக் கிளச்சைச் சந்தேகிக்கலாம். கார் திடீரென ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மெதுவாக மட்டும் ஓடி, நிறுத்தி மீண்டும் இயக்கியதும் ஒன்றும் நடவாததுபோல ஓடினால் மகிழ வேண்டாம். கணினி ஏதோ பிழையைக் கண்டு பெட்டியைப் பாதுகாத்திருக்கிறது. அதன் குறியீடு நினைவகத்தில் இருக்கும். ஐரோப்பாவில் 2001 முதல் புதிய பெற்றோல் கார்களுக்கு இக்குறியீடுகளை வாசிக்கும் பொதுச் செருகி கட்டாயமாக்கப்பட்டது. வாசிப்புக் கருவி மலிவானது. நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கிவைக்கலாம். ஆனால் விற்பவரும் அதே கருவியால் முன்னிரவில் நினைவகத்தை அழித்திருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

ஈ.யூ. கொன்ட்ரோல் சித்தியடைந்த கார்தானே என்று பலர் ஆறுதல் அடைகின்றனர். நான்காம் ஆண்டிலும் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நடக்கும் அந்தப் பரிசோதனை வீதிப் பாதுகாப்பையும் சூழலையும் பற்றியது. கியர் மென்மையாக மாறுகிறதா என்று அங்கே எவரும் பார்ப்பதில்லை. 1924 முதல் இயங்கும் நாஃப் என்னும் வாகனச் சங்கத்தின் பரிசோதனை நிலையங்களிலோ வேறு நடுநிலையான வேலைத்தலத்திலோ கட்டணம் செலுத்திப் பரிசோதிப்பது நன்று. அதற்கு விற்பவர் மறுத்தால் அம்மறுப்பே ஓர் அறிக்கைதான்.

பெட்டியின்மேற் பழி போடுமுன்

கியர்ப்பெட்டி செய்யாத குற்றங்களும் அதன் தலையில் விழுவதுண்டு. கியர்த்தண்டு 'பி' இலிருந்து அசைய மறுக்கிறதா? முதலில் ஒருவரைக் காருக்குப் பின்னே நிறுத்திப் பிறேக்கை மிதியுங்கள். பின்விளக்கு எரியாவிட்டால், பிறேக் விளக்கின் ஆளியோ உருகியோ பழுதாகியிருக்கலாம். பிறேக் மிதிக்கப்பட்ட செய்தி கிடைக்காததால் பூட்டுத் திறக்கவில்லை. மிகச் சிறிய செலவில் முடியும் காரியம் இது. 'டி' க்கு மாற்றும்போது அடிக்கிறதா? இயந்திரத்தைத் தாங்கும் இறப்பர்த் தாங்கிகள் கிழிந்திருக்கலாம். நடுங்குகிறதா? தீப்பொறிச் செருகியொன்று தவறவிட்டாலும் அதே நடுக்கம் தோன்றும். குளிர்காலக் காலையில் மாத்திரம் கியர் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? பற்றறியை அளந்து பாருங்கள். மின்னழுத்தம் தாழ்ந்தால் கணினிகள் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டத் தொடங்கும்.

1990களின் வொல்வோ 850, அதற்குப் பின்வந்த முதலாவது வி 70 ஆகியவற்றிற் பலகையிலுள்ள அம்புக்குறி மின்னி மின்னி எரிவதைக் கண்டு பெட்டி முடிந்துவிட்டதெனக் காரைக் குறைவிலைக்குத் தள்ளிவிட்டோர் உளர். கியர்த்தண்டின் நிலையைக் கணினிக்கு அறிவிக்கும் உணரி உப்பும் ஈரமும் பட்டு அரித்துப்போவதே பல தடவைகளிற் காரணம். மேலே சொன்ன மேர்சிடிஸ் பெட்டியிலும் ஒரு விசித்திரம் உண்டு. மின்னிணைப்புச் செருகியின் சிறு இறப்பர் வளையம் தேய்ந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல மின்கம்பிக் கட்டினூடாகக் கியர் எண்ணெய் ஊர்ந்து கணினிவரை சென்றுவிடும். வளையம் மலிவு. கணினி மலிவன்று.

சில கார்கள், சில குணங்கள்

நோர்வே வீதிகளில் இன்றும் காணக்கிடைக்கும் இரண்டாவது தலைமுறை வொல்வோ வி 70, 2000 முதல் 2007 வரை உற்பத்தியானது. அதிலுள்ள ஐந்து கியர்ப் பெட்டி ஜப்பானின் ஐசின் நிறுவனத்துடையது. அடிப்படையில் உறுதியானதே. அதன் பலவீனம் வால்வுத் தொகுதியில் உள்ளது. துவாரங்கள் தேய்ந்து அமுக்கம் கசிவதனால், சூடேறியபின் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில் வழுக்கும். நிற்பதற்காக வேகம் குறைக்கையில் அடிக்கும். இதற்கு முழுப் பெட்டியையும் மாற்றச் சொல்பவரிடம் இரண்டாவது அபிப்பிராயம் பெறாமற் பணம் கொடுக்காதீர்கள். எண்ணெய் மாற்றுவதாலும் வால்வுத் தொகுதியை மட்டும் புதுப்பிப்பதாலும் சீரான கார்கள் உண்டு. 2002இல் வெளிவந்த எக்ஸ்.சி. 90 இல் டி 6 என்னும் வகைக்கு மட்டும் ஜெனரல் மோட்டோர்ஸின் நான்கு கியர்ப் பெட்டி பொருத்தப்பட்டது. அந்தப் பாரமான காருக்கு அது ஈடுகொடுக்கவில்லை என்பது உலகறிந்தது. ஏழு இருக்கை கொண்ட பெரிய கார் இவ்வளவு மலிவாக ஏன் கிடைக்கிறது என்று வியக்கும் குடும்பத்தலைவர்கள் இதனை நினைவிற் கொள்வது நலம்.

வொக்ஸ்வாகன், ஸ்கோடா, அவுடி கார்களின் டி.எஸ்.ஜி. வேறு சாதி. அதில் கொன்வேர்ட்டர் இல்லை. இரண்டு கிளச்சுகள் மாறிமாறி வேலை செய்கின்றன. 2003இல் வந்த ஆறு கியர் வகையில் அவை எண்ணெயில் மூழ்கியவை; அறுபதாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெயும் வடியும் மாற்றப்பட்டதா என்று சேவைப் புத்தகத்தில் தேடுங்கள். 2008இல் வந்த ஏழு கியர் வகையின் கிளச்சுகள் உலர்ந்தவை. ஊர்ந்து செல்லும்போது நடுங்கினால் கிளச் தேய்ந்துள்ளது. கியர் எழுத்துகள் மின்னி, கார் திடீரென இழுவையை இழந்தால் மெக்காட்ரொனிக் எனப்படும் மின்-எண்ணெய்த் தொகுதி சந்தேகத்துக்குரியது. 2013இல் உலகளவில் ஏறக்குறைய 16 இலட்சம் கார்களை அழைத்து இப்பெட்டியின் செயற்கை எண்ணெயைக் கனிய எண்ணெயாக மாற்ற நேர்ந்தது. இவ்வகைக் காரை ஏற்றத்தில் பிறேக் பிடிக்காமல் மிதிபலகையால் தாங்கி நிறுத்துவது கிளச்சைத் தீயில் வாட்டுவதற்குச் சமம்.

நிசான் உள்ளிட்ட சில கார்களில் உள்ள சி.வி.டி. பெட்டியில் கியர்களே இல்லை. இரண்டு கூம்புருளைகளுக்கிடையே உலோகப் பட்டியொன்று ஓடுகிறது. இயந்திர ஒலி ஒரே சுருதியில் நிற்பது அதன் இயல்பு. நடுக்கமும் ஊளைச் சத்தமும் இயல்பல்ல. ரொயோட்டாவின் ஹைபிறிட் கார்களில் வழுக்குவதற்குக் கிளச்சே கிடையாது. பழைய தானியங்கிக் கார் வாங்க அஞ்சுவோருக்கு நான் முதலிற் பரிந்துரைப்பது அதனையே, கியரைப் பொறுத்தமட்டில். ஹைபிறிட் பற்றறி தனிக் கதை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணெய் வேறு வேறு. கடையில் "ஒட்டோமற்றிக் ஒயில்" என்று கேட்டு வாங்கி ஊற்றுவது, எவருக்கோ எழுதிய மருந்தை எடுத்துக் குடிப்பதைப் போன்றது. "ஆயுட்கால எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்ற உற்பத்தியாளர் வாக்கை நம்பியும் இருக்காதீர்கள். கியர்ப்பெட்டி தயாரிக்கும் செட்.எஃப். நிறுவனமே தனது பெட்டிகளுக்கு எண்பதாயிரம் முதல் ஒரு இலட்சத்து இருபதாயிரம் கிலோமீற்றர் அல்லது எட்டு ஆண்டுகள் என எல்லை குறித்துள்ளது. மறுபுறம், "பழைய பெட்டிக்கு எண்ணெய் மாற்றினாற் செத்துவிடும்" என்ற கதையும் எம்மவரிடையே உலாவுகிறது. வழுக்கத் தொடங்கியபின்பே பெரும்பாலோர் எண்ணெய் மாற்ற நினைக்கின்றனர். சாகக்கிடந்த பெட்டி செத்ததும் பழி புது எண்ணெயின்மேல் விழுகிறது. நன்றாக மாறும் பெட்டிக்கு மாற்றுங்கள். ஒருமுறை வடித்தாற் பாதிக்கும் குறைவாகவே வெளிவருவதுண்டு, மிகுதி கொன்வேர்ட்டரில் தங்கிவிடும்; ஆதலால் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் வடிப்பது நன்று.

பனிக்காலம்

மைனஸ் இருபதில் எண்ணெய் தேன்போலத் தடிக்கும். முதற் சில கிலோமீற்றர்கள் கியர் பிந்தி மாறுவது நோயன்று, மெதுவாக ஓட்டுங்கள். பனியிற் புதைந்த காரை 'டி', 'ஆர்' என்று மாறிமாறி வீசி எடுக்க முயல்வதும், சில்லுகளைக் கதறக் கதறச் சுழற்றுவதும் ஓரிரு நிமிடங்களில் எண்ணெயைக் கொதிக்கவைக்கும். மண்வெட்டியும் ஒரு பை மணலும் பின்பெட்டியில் இருக்கட்டும். பழைய வொல்வோக்களில் உள்ள 'டபிள்யூ' பொத்தான் உயர்ந்த கியரிற் புறப்பட உதவும். சரிவில் நிறுத்தும்போது முதலிற் கைப்பிறேக்கை இழுத்து அதன்பின் 'பி' க்கு மாற்றுங்கள். இல்லையேற் காரின் முழுப் பாரமும் பெட்டிக்குள் இருக்கும் விரல்நீளக் கொளுவியில் தொங்கும்.

தானியங்கிக் கார் நின்றுவிட்டால் தள்ளி இயக்க முடியாது. கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் ஆபத்து: இயந்திரம் நிற்கும்போது எண்ணெய்ப் பம்பி இயங்காது, பெட்டியோ உலர்ந்தபடி சுழலும். கைநூல் அனுமதிக்கும் தூரமும் வேகமும் மிகக் குறைவு. மீட்பு வாகனத்தை அழைத்து, காரை மேலே ஏற்றிச் செல்லும்படி கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் எம்மவர் பலர் உரிமையைக் கைவிடுகின்றனர். காரை விற்பனை நிலையத்தில் வாங்கினீர்களா, தனியாளிடம் வாங்கினீர்களா என்பதில் எல்லாம் தங்கியுள்ளது. விற்பனை நிலையமெனில் 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் கொள்வனவுச் சட்டம் உங்கள் பக்கம். காரைப் போன்ற நீண்டகாலப் பொருட்களுக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுகள்வரை முறையிடலாம். 2024 சனவரி முதல், வாங்கி இரண்டு ஆண்டுகளுக்குள் வெளிப்படும் குறை, விற்ற நாளிலேயே இருந்ததாக ஊகிக்கப்படும். இல்லையென நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. காரின் வயதும் ஓடிய தூரமும் கணக்கில் எடுக்கப்படும். இருபது வருடக் காரில் இயல்பான தேய்வுக்கு எவரும் இழப்பீடு தரமாட்டார்கள். "சொம் டென் ஆர்", அதாவது "உள்ளபடியே விற்கப்பட்டது" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் விற்பனை நிலையம் முழுப் பொறுப்பிலிருந்தும் தப்பிவிடாது.

தனியாளெனில் 1988ஆம் ஆண்டின் கொள்வனவுச் சட்டம் பொருந்தும். முறையிடும் காலம் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். "உள்ளபடியே" என்ற வாசகம் இங்கு அதிக வலுவுள்ளது. ஆயினும் விற்றவர் தவறான தகவல் தந்திருந்தாலோ, தெரிந்த முக்கிய குறையை மறைத்திருந்தாலோ, விலையையும் சூழ்நிலையையும் பார்க்கையில் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியதைவிடக் கார் கணிசமாக மோசமாக இருந்தாலோ அவர் பொறுப்பாளியே. ஆகவே "கியர் எப்படி?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்திற் பதிலைப் பெற்றுவையுங்கள். பணம் கொடுக்குமுன் காரின்மீது கடன் உள்ளதா என்பதை புறொன்னொய்சுண்ட் பதிவகத்தில் பார்ப்பதும் தவறக்கூடாது. கடன் காரோடு கூடவே வரும்.

குறை தெரிந்ததும் காலந்தாழ்த்தாதீர்கள். விற்பனை நிலையத்துக்கு எதிரான முறைப்பாட்டில், குறையைக் கண்டறிந்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் அறிவித்தால் தாமதமென்று எவரும் சொல்ல முடியாது. முதலில் வேறொரு வேலைத்தலத்திற் கொடுத்துத் திருத்திவிட்டுச் சீட்டை நீட்டுவது தவறான வழி. விற்றவருக்கே திருத்தும் வாய்ப்பை முதலில் வழங்க வேண்டும். ஒரே குறைக்குப் பொதுவாக இரண்டு முயற்சிகள். அதன்பின்னும் சீராகாவிட்டால் விலைக்குறைப்போ, குறை பாரதூரமானதாயிற் கொள்வனவை இரத்துச் செய்வதோ கோரலாம். இணங்காவிட்டால் நுகர்வோர் கண்காணிப்புச் சபையான ஃபொர்புறூக்கர்தில்சூனே இணக்கம் பேசும். அதுவும் பலிக்காவிட்டால் வழக்கு நுகர்வோர் முறைப்பாட்டுக் குழுவுக்குச் செல்லும்.

இவை எல்லாம் ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகின்றன. அதற்கு "ரெக்லமஷூன்" என்று தலைப்பிடுங்கள். கார் இலக்கம், வாங்கிய திகதி, அன்றைய கிலோமீற்றர், குறை முதன்முதலில் தோன்றிய திகதி, அப்போதைய கிலோமீற்றர், எந்த வேகத்தில், குளிரிலா சூட்டிலா, எந்தக் கியரில் என்ன நடந்தது, என்ன கோருகிறீர்கள், எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் ஆகியவற்றை எழுதுங்கள். நோர்ஸ்க் மொழி சரளமில்லையெனில் பாடசாலை செல்லும் பிள்ளையிடம் எழுதுவித்து, அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொலைபேசியிற் சொன்னது போதுமென்று விற்பவர் சொன்னாலும் கடிதத்தை அனுப்பி, பிரதியொன்றைச் சேவைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.